வாடை அடிக்கும் வாரம்: ஜவ்வாது மலை அடிவாரத்துக் குளிரைச் சமாளிப்பது எப்படி

வேலூர் பக்கம் என்று சொன்னாலே எல்லோருக்கும் வெயில்தான் ஞாபகம் வருகிறது. சித்திரை, வைகாசியில் 42, 43 டிகிரி காய்கிற ஊர்கள் என்பதால் இங்கே வீடு கட்டுகிறவர்களும் கோடையை மட்டுமே மனதில் வைத்துக் கட்டுகிறார்கள். காற்று போய்வர எந்நேரமும் திறந்த ஜன்னல், காலுக்குக் குளிர்ச்சியாக வழுவழு தரை, மெல்லிய துணி, மண்பானைத் தண்ணீர். அதனால் மார்கழிக் கடைசியிலோ தை தொடக்கத்திலோ மழையெல்லாம் ஓய்ந்து ஒரு வாரம் வாடைக்காற்று இறங்கும்போது, வீட்டில் ஒரு நல்ல கம்பளிகூட இல்லாமல் பெரியவர்களும் கைக்குழந்தைகளும் நடுங்கிக்கொண்டிருப்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆலங்காயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது பனிக்காலம் ஆகிவிட்டது. மாமியாரிடம் கற்றது, பட்டுத் தெரிந்தது, அக்கம்பக்கத்தில் பார்த்தது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், போளூர், ஆரணி, பழைய வட ஆற்காட்டில் எங்கே இருந்தாலும் இதில் முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் இந்தக் குளிர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மழை மேகம் கலைந்து வானம் சுத்தமாகிவிட்டால் பகலில் மண் வாங்கிய சூடு ராத்திரியில் தடுப்பே இல்லாமல் மேலே போய்விடும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும், மேகம் இல்லை என்றால் விடிய விடிய மண் ஆறிக்கொண்டே இருக்கும். அதோடு குளிர்ந்த காற்று கனமானது, மலைச் சரிவிலிருந்து வழிந்து அடிவாரத்துப் பள்ளத்தில் வந்து தேங்கும். எங்கள் ஊரிலிருந்து மலை ஏறினால் வருகிற காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் உள்ளது. அவர்களுக்கு நட்சத்திரம் துல்லியமாகத் தெரிகிற அதே மேகமில்லாத வானம்தான் கீழே நம்மை நடுங்க வைக்கிறது. வானிலை அறிக்கையில் சமவெளிப் பகுதியின் குறைந்தபட்ச வெப்பநிலை என்று சொல்லும்போது திருப்பத்தூர், தருமபுரி, வேலூர் பெயர்கள் அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். இது நாள் முழுக்க அடிக்கிற குளிர் இல்லை, ராத்திரி மூன்று மணியிலிருந்து காலை எட்டு மணி வரை அடிக்கிற குளிர். நண்பகலில் 28, 29 டிகிரி இருக்கும், வெயிலில் நின்றால் வியர்க்கும். அதே இடத்தில் விடியற்காலையில் 15 டிகிரி பக்கம் போய்விடும். வடநாட்டிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இதெல்லாம் ஒரு குளிரா என்று கேட்பார்கள், அவர்கள் ஊர்க் கணக்குக்கு அது சரிதான். ஆனால் ஒரே நாளில் உடம்பு இவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டியிருக்கிறதே, அதுவும் குளிருக்கென்று எந்த ஏற்பாடும் இல்லாத வீட்டில், கஷ்டம் அதனால்தான். ஆகவே உங்கள் ஏற்பாடு எல்லாமே அந்த ஐந்து மணி நேரத்தைச் சுற்றி இருந்தால் போதும்.

அந்த வாரம் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? காற்று வடக்கிலிருந்து திரும்பி, உதடு காய ஆரம்பிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கே புல்லில் ஈரம் தட்டுப்படும். அடுப்புப் புகை மேலே போகாமல் தெருவோடு தாழ்வாகப் படுத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும் என்பதால் காலையில் லேசாக உறைந்திருப்பது பெரிய விஷயம் இல்லை, ஆனால் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கே பாட்டில் முழுக்க வெள்ளையாக இறுகிவிட்டது என்றால் அன்றைய விடியல் கடுமையாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கக் கடலில் புயல், தாழ்வு மண்டலம் ஏதாவது வந்து போன மறுநாள் வானம் பளிச்சென்று ஆகி நட்சத்திரம் கொட்டிக் கிடந்தால் அதுவும் ஒரு அறிகுறி. மறுபடி மேகம் வந்தால் அன்று ராத்திரி கொஞ்சம் தப்பித்தோம் என்று அர்த்தம்.

சரி, இப்போது வீடு. அந்த வாரத்தின் முதல் நாள் மதியமே செய்ய வேண்டியது கம்பளி, துப்பட்டி, ஜமுக்காளம், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் எடுத்து மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் நல்ல வெயிலில் உதறிப் போடுவது. வருஷம் பூராவும் பெட்டியில் கிடந்ததை அப்படியே போர்த்தினால் தூசியில் தும்மலும் இளைப்பும் வந்து, குளிரால் வந்தது என்று குளிர்மேல் பழி போடுவோம். ஜன்னல் விஷயத்தில் நம் கோடைப் பழக்கத்தை அப்படியே திருப்பிப் போட வேண்டும். பகலில் வெயில் விழுகிற பக்கத்தைத் திறந்து வையுங்கள், நாலரை, ஐந்து மணிக்கு, வெளியே குளிர் தட்டுவதற்கு முன்பே, சாத்திவிடுங்கள். ஏழு மணிக்குச் சாத்தினால் குளிரை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் ஆகும். வடக்குப் பக்கத்து ஜன்னல் இடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வையுங்கள். ஓட்டு வீடு, ஷீட் போட்ட வீடு என்றால் சூடெல்லாம் மேலே போய்விடும், படுக்கிற இடத்துக்கு மேலே மட்டுமாவது ஒரு பழைய புடவையைக் கூடாரம் மாதிரி கட்டிவிடுங்கள். கொசுவலை கட்டினால்கூட உள்ளே கொஞ்சம் கதகதப்பு நிற்கும், கொசுவுக்குப் பயந்து ஃபேன் போடுகிற வேலையும் இல்லாமல் போகும். குளிரில் கொசு இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மழைத் தண்ணீர் தேங்கிய தொட்டியும் டயரும் இருக்கிற வரைக்கும் டெங்கு கொசு பகலில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

தரையில் படுப்பவர்கள் மேலே இரண்டு கம்பளி போடுவதைவிடக் கீழே ஒன்றைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். சிமெண்டுத் தரையும் டைல்ஸும் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதலில் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி அல்லது கோணி, அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம், அப்புறம்தான் விரிப்பு. இந்த நான்கும் எந்த வீட்டிலும் இருக்கும், காசு கிடையாது. தலைக்குக் குல்லாயும் காலுக்கு சாக்ஸும் போட்டுக்கொண்டு படுத்தால் அரைக் கம்பளி மிச்சம்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு, தணல் சட்டி, விறகுக் கங்கு எதையும் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். என் தங்கை பிரசவம் முடிந்து பிறந்த வீட்டில் இருந்தபோது, பச்சை உடம்புக்குக் குளிர் ஆகாது என்று ஜன்னல், கதவு எல்லாம் அடைத்து, சாம்பிராணி போட்ட தணல் சட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம். பாசத்தில் செய்ததுதான். விடியற்காலையில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுப்பப் போனால் அவளால் தலையைத் தூக்க முடியவில்லை, தலை வெடிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள், பேச்சு குழறியது. குழந்தையும் துவண்டு கிடந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் ஓடிவந்து கதவு, ஜன்னலை எல்லாம் திறந்து இருவரையும் முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், கடவுள் புண்ணியத்தில் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அன்றைக்குத்தான் கார்பன் மோனாக்சைடு என்ற பெயரையே கேள்விப்பட்டேன். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, இருமல்கூட வராது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சட்டியில் புகை வரவில்லை, வெறும் கங்குதான் இருக்கிறது என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள், புகையாத கங்கிலிருந்தும் அது வரும். குளிர் காய வேண்டும் என்றால் வாசலில், திறந்த திண்ணையில், நாலு பேர் உட்கார்ந்து காயுங்கள், படுக்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வாருங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான், காற்று வெளியே போக வழி இல்லாத இடத்தில் அதை மாட்டவே கூடாது.

வெந்நீர் என்றால் இங்கே பாதி வீட்டில் ஹீட்டர் ராடுதான். ராடு முழுதாகத் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். தண்ணீர் காய்ந்ததா என்று பார்க்க சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அப்புறம்தான் விரலை விட வேண்டும். சுவிட்ச் மட்டும் அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள், பழைய வயரிங்கில் சுவிட்ச் எந்தக் கம்பியில் போட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அதனால்தான் பிளக்கையும் பிடுங்கச் சொல்கிறேன். இரும்பு வாளி, பித்தளை அண்டா வேண்டாம். ஈரத் தரையில் வெறும் காலோடு நிற்க வேண்டாம். குழந்தைகள் ஓடுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டுப் போகவே கூடாது. பின்கட்டில் விறகு அடுப்பும் அண்டாவும் இருக்கிற வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், ராத்திரி சமையல் முடிந்த தணலின்மேல் அண்டாவை மூடி வைத்தாலே விடியற்காலையில் முகம் கழுவ வெதுவெதுப்பாக இருக்கும். பெரியவர்களும் குழந்தைகளும் அந்த ஒரு வாரம் காலைக் குளியலை விட்டுவிட்டுப் பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்கு வெயிலில் குளிக்கட்டும். ரொம்பச் சூடான தண்ணீர் தோலை இன்னும் காயவைக்கும், வெதுவெதுப்பு போதும். குளிப்பதற்கு முன்னால் கை கால்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டால் தோல் வெள்ளை பூக்காது. பித்த வெடிப்புக்கு ராத்திரி காலைக் கழுவித் துடைத்து, வேப்பெண்ணெயோ வாசலினோ தடவி சாக்ஸ் போட்டுப் படுங்கள், ஐந்தாறு நாளில் வித்தியாசம் தெரியும். சர்க்கரை இருப்பவர்களுக்கு வெடிப்பில் சீழ் கண்டால் வைத்தியம் வீட்டில் வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

சமையல் கட்டில் குளிர் முதலில் கைவைப்பது மாவிலும் தயிரிலும்தான். இட்லி மாவு ராத்திரி எட்டு மணிக்கு அரைத்துக் காலையில் பொங்கியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அந்த வாரத்தில் பொங்காது. மதியம் இரண்டு மணிக்குள் அரைத்துவிடுங்கள், அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், ஊறப்போடும் உளுந்தோடு வெந்தயம் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். உப்பைப் போட்டுக் கையாலேயே நன்றாகக் கலக்குங்கள், கரண்டியால் கலக்கிய மாவுக்கும் கையால் கலக்கிய மாவுக்கும் இந்தப் பருவத்தில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பழைய புளித்த மாவு ஒரு கரண்டி இருந்தால் அதையும் சேருங்கள். அப்புறம் மாவுப் பாத்திரத்தை, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிய பெரிய குண்டானில் இறக்கி, மேலே தட்டு போட்டு, பழைய கம்பளித் துண்டால் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். படுக்கப் போகும்போது வெந்நீரை ஒருமுறை மாற்றினால் இன்னும் நல்லது. இவ்வளவும் செய்து பொங்கவில்லை என்றால் அன்றைக்கு தோசையோ பணியாரமோ சுடுங்கள், சோடா உப்பைக் கொட்டி இட்லி ஆக்கப் பார்க்காதீர்கள், ருசியே போய்விடும்.

தயிருக்குப் பாலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் எடுங்கள், சுண்டு விரலை விட்டால் சுட வேண்டும் ஆனால் பொறுத்துக்கொள்ள முடிய வேண்டும், அந்தப் பதம். உறை ஒரு ஸ்பூனுக்குப் பதில் ஒன்றரை. கலந்த பிறகு ஆட்டாமல் அசைக்காமல் ஹாட் பாக்ஸில் மூடி வையுங்கள், ஹாட் பாக்ஸ் இல்லாதவர்கள் அரிசி டப்பாவுக்குள் பாத்திரத்தைப் பாதி புதைத்து வைக்கலாம், என் மாமியார் அப்படித்தான் வைப்பார், ஒருநாளும் தவறியதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கே உறை ஊற்றிவிடுங்கள், பத்து மணிக்கு ஊற்றினால் காலையில் பாலாகவேதான் இருக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை இந்தப் பருவத்தைப்போல ருசியான பருவம் எங்கள் பக்கம் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். பனி விழுந்தால்தான் மொச்சையும் அவரையும் மணக்கும். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற முள்ளு கத்திரிக்காய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதோடு பச்சை மொச்சையை உரித்துப் போட்டுக் காரக்குழம்பு வைத்து, சுடச்சுடக் கேழ்வரகுக் களியை உருட்டி நடுவில் குழி பண்ணி ஊற்றிச் சாப்பிட்டால் எந்த ஸ்வெட்டரும் வேண்டாம். ராத்திரிக்குக் கொள்ளு ரசம் அல்லது கொள்ளு கடைசல், மிளகும் பூண்டும் தாராளமாக. ஜவ்வாது மலைச் சாமை கிடைத்தால் காலையில் சாமைக் கஞ்சி. சுக்கு, மிளகு, தனியா வறுத்துப் பொடித்து வெல்லம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிட்டால், நாலு மணிக்கு எழுந்து ஷூ கம்பெனி வேலைக்குப் புறப்படுகிற பெண்களுக்கும் பால் கறக்கப் போகிறவர்களுக்கும் அது பெரிய உபகாரம். தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள், நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் குளிர் காலத்தில் கூடுவது அதனால்தான், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்து மணிக்கு ஒரு டம்ளர் குடியுங்கள்.

வயதானவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து குளித்து, கோவிலுக்கு நடப்பது அவர்கள் பல வருஷப் பழக்கம், மார்கழி வேறு, திருப்பாவை பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் படுத்திருக்க மனது வராது. ஆனால் வெப்பநிலை அடிமட்டத்துக்குப் போவது சூரியன் உதிப்பதை ஒட்டிய நேரத்தில்தான். ஜனவரியில் இங்கே சூரியன் ஆறரை மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது. அதனால் ஐந்து மணி நடைப்பயிற்சி என்பது குளிரின் நட்ட நடுவில் போய் நிற்பது. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். அந்த ஒரு வாரத்துக்கு நடையை எட்டு மணிக்கு மாற்றச் சொல்லி மன்றாடுங்கள், சண்டை போட்டாலும் பரவாயில்லை. போர்வையிலிருந்து எழுந்தவுடன் நேரே வெளியே போக வேண்டாம், கட்டிலில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, குல்லா, மப்ளர், சாக்ஸ் போட்டுக்கொண்டு போகட்டும். ராத்திரி ஒன்றுக்கு எழுந்து தோட்டத்துக் கழிப்பறைக்குப் போகிற வீடுகளில் வழியில் விளக்கும், வாசற்படியில் காய்ந்த சாக்கும் இருக்க வேண்டும், பனி ஈரத்தில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பிரஷர் மாத்திரை, இன்ஹேலர் இரண்டும் தீர்ந்துபோகாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நெஞ்சு பாரம், இடது கை வலி, குளிரிலும் வியர்வை என்றால் வாயு என்று சொல்லிப் பெருங்காயத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே 108க்குப் போன் போடுங்கள்.

பச்சிளம் குழந்தைக்கு அம்மாவின் உடம்புச் சூடுதான் முதல் கம்பளி. மார்போடு அணைத்து, இருவருக்கும் சேர்த்துப் போர்த்தி, தலைக்கு மட்டும் குல்லா போட்டால் போதும். தினமும் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, வெதுவெதுப்பான துணியால் துடைத்துவிடலாம். குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், வயிறும் பாதமும் ஒரே சூட்டில் இருந்தால் குழந்தை சௌகரியமாக இருக்கிறது, பாதம் சில்லென்று இருந்தால் இன்னொரு துணி வேண்டும், வயிறும் சில்லென்று இருந்து பால் குடிக்காமல் துவண்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரே தடியான ஸ்வெட்டரைவிட மெல்லியதாக இரண்டு, மூன்று அடுக்கு போட்டு அனுப்புங்கள், பத்து மணிக்கு ஒன்றைக் கழற்றுவார்கள், மதியம் எல்லாவற்றையும் பையில் வைத்துவிடுவார்கள். வியர்த்த பனியனோடு சாயங்காலக் காற்றில் விளையாடுவதுதான் அவர்களுக்குச் சளி பிடிக்க வழி, ஐந்து மணிக்குப் பனியனை மாற்றிவிடுங்கள்.

வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜ் கிடைக்காமலோ காசில்லாமலோ வெளியே படுத்திருக்கிற கூட வந்தவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலூர் என்று கேள்விப்பட்டுக் கனத்த துணி எடுக்காமல் வந்திருப்பார்கள். உங்களிடம் மிஞ்சிய போர்வை ஒன்று இருந்தால் அந்த வாரத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சாலைக்கு வருவோம். மழையில் ஊறிய மண், காற்றில்லாத ராத்திரி, தெளிந்த வானம், இந்த மூன்றும் சேர்ந்தால் பாலாற்றுப் படுகை நெடுக மூடுபனி கட்டிவிடும். பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி வரை சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லாரியின் பின் விளக்குகூடத் தெரியாத காலைகள் உண்டு. ஒரு மணி நேரம் தாமதமாகப் போக முடிந்தால் தாமதமாகப் போங்கள், எட்டு, எட்டரைக்கு வெயில் ஏறினால் தானாகக் கலைந்துவிடும். போயே ஆக வேண்டும் என்றால் லோ பீமில் போங்கள், ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வெள்ளைச் சுவராக நிற்கும். இடது பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். ஆனால் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் விளக்கில்லாமல் லாரிகளை நிறுத்தியிருப்பார்கள், பெரிய விபத்துகள் அதில்தான் நடக்கின்றன, எந்தப் பனியிலும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள். டிராக்டரில் கரும்போ வைக்கோலோ ஏற்றிப் போகிறவர்கள் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியே ஆக வேண்டும், நாற்பது, ஐம்பது ரூபாய் விஷயத்தில் உயிர்கள் இருக்கின்றன. பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவிக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் மூச்சுக் காற்றில் மூடாது. சட்டைக்கு உள்ளே மார்பில் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்தால் காற்று ஏறாது, பால்காரர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். ஏலகிரி, ஜமுனாமரத்தூர் என்று மலைக்குப் போகிறவர்கள் அடிவாரத்து மதிய வெயிலைப் பார்த்து ஏமாறாமல் கனத்த துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடு, கன்று வைத்திருப்பவர்களுக்கு: கொட்டாயின் வடக்குப் பக்கத்தில் கோணிகளைத் தைத்துத் தொங்கவிடுங்கள், கன்றுக்குக் காய்ந்த வைக்கோல் தடிமனாகப் பரப்பி, முதுகில் ஒரு சாக்கைக் கட்டிவிடுங்கள். மூத்திரம் நனைந்த வைக்கோலைத் தினமும் மாற்ற வேண்டும், ஈரத்தில் படுத்த கன்றுக்குத்தான் சளி நெஞ்சில் இறங்கும். ஆடுகளைப் பனி காய்வதற்கு முன் மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். ஈரப் புல்லின் நுனிக்குக் குடற்புழுக்கள் ஏறி இருக்கும், வயிறு உப்புசமும் வரும், ஒன்பது மணிக்கு ஓட்டினால் போதும். களத்தில் காய்கிற கேழ்வரகு, சாமை, நிலக்கடலை எதுவாக இருந்தாலும் நாலரை மணிக்கே குவித்துத் தார்ப்பாயால் மூடுங்கள், ஒரு ராத்திரிப் பனி இரண்டு பகல் காய்ச்சலைக் கெடுக்கும். மாந்தோப்புக்காரர்களுக்குப் பூ எடுக்கிற நேரம் இது. பூங்கொத்தில் சாம்பல் தூவியது மாதிரி வெள்ளை படிந்தால் சாம்பல் நோய், நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து, பனி ஈரம் காய்ந்த பிறகு அடிக்கலாம். வாங்குமுன் உங்கள் வேளாண் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கோலம் போடுகிறவர்கள் என்னை மாதிரி நாலரை மணிக்கு வாசலுக்கு வருவீர்கள், சாணித் தண்ணீரை வெதுவெதுப்பாகக் கரைத்துக்கொள்ளுங்கள், விரல் மரத்துப் போகாது. காதை மூடிக்கொண்டு, காலுக்குக் கீழே ஒரு சாக்குப் போட்டு உட்காருங்கள். பூசணிப்பூ வைக்கும் உருண்டையை முதல் நாள் சாயங்காலமே பிடித்து வைத்தால் வெளியே இருக்கிற நேரம் பாதியாகக் குறையும்.

இந்தக் குளிர் வாரம் பல வருஷம் போகியோடு சேர்ந்து வரும், அதுதான் எனக்குப் பெரிய கவலை. பனி மூடிய காலையில் காற்று மேலே எழும்பாது, கீழேயே தேங்கி நிற்கும், அதில் டயரையும் பிளாஸ்டிக்கையும் ரெக்சினையும் கொளுத்தினால் அந்தப் புகை முழுக்க நம் மூக்கு மட்டத்திலேயே மதியம் வரை இருக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் அன்று படும் பாட்டைப் பார்த்தவர்கள் மறுபடி கொளுத்த மாட்டார்கள். பழைய பாய், முறம், துடைப்பம், நாலு சுள்ளி போதும், சடங்கு நிறைவேறிவிடும். மற்ற பழசையெல்லாம் குப்பை வண்டியில் போடுங்கள். இளைப்பு இருக்கிறவர்களை அன்று எட்டு மணி வரை உள் அறையில் வைத்து, ஈரத்துணியைக் கதவிடுக்கில் போட்டு, இன்ஹேலரைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

ஏழெட்டு நாளில் கிழக்கே மேகம் தட்டும், காற்று திரும்பும், தேங்காய் எண்ணெய் பகலில் தானாக இளகும். அத்தோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடாதீர்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை, இன்னும் இரண்டு மூன்று சுற்று வரும். ஆளுக்கொரு போர்வையும் ஸ்வெட்டரும் கொடியிலேயே இருக்கட்டும். மாசி முடிந்து, விடியற்காலையில் ஃபேன் தேவைப்படுகிற அன்றைக்குக் கம்பளிகளைத் துவைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு மடித்து, நடுநடுவே காய்ந்த வேப்பிலையைப் போட்டுப் பெட்டியில் வையுங்கள், மேலே எந்தக் கம்பளி யாருடையது என்று ஒரு சீட்டும் எழுதி வைத்துவிடுங்கள்.